‘புதிய இனத்தைக் கண்டுபிடியுங்கள்’: ஓர் அந்துப்பூச்சி விளக்கைப் பற்றி

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்குக் கீழே, தேயிலை மலை முடிந்து ஒரு துண்டுக் காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருப்பதால், மழை ஓய்ந்த இரவுகளில் வாசல் மின்குமிழை அந்துப்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அவற்றை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஓர் இணையக் கடையில் 11,500 ரூபாய் கொடுத்து வாங்கிய விளக்குத் தொகுதியை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். புற ஊதா எல்.ஈ.டி. விளக்கு, மடக்குத் தாங்கி, வெள்ளைத் திரை, 24 பக்கக் கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் மேலே, ‘இன்றிரவே ஒரு புதிய இனத்தைக் கண்டுபிடியுங்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

விளக்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. மூடுபனி இறங்கிய, நிலவில்லாத இரவில் ஏழு மணிக்கு ஏற்றினால் எட்டரைக்குள் திரையில் இடம் பிடிக்கப் போட்டியே நடக்கிறது. விட்டில் விளக்கில் விழுவதை நம் கவிஞர்கள் ஆசை என்றார்கள்; பூச்சிகள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்க முயன்று அதைச் சுற்றியே சிக்கிக்கொள்கின்றன என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சுற்றிக் களைத்தவை இறங்குவதற்கு விளக்கை ஒட்டியே திரை இருக்க வேண்டும். ஆனால் தாங்கியின் கை குட்டையானது. நான் ஒரு மூங்கில் துண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். திரை வழுவழுப்பான செயற்கைத் துணி என்பதால் பூச்சிகளின் கால் பிடிப்பதில்லை. அம்மாவின் பழைய பருத்திக் கட்டில் விரிப்பைக் கட்டிய பிறகுதான் அவை அமைதியாக உட்கார்ந்தன.

கையேடுதான் ஏமாற்றம். அதிலுள்ள 40 படங்களும் குளிர்நாட்டுப் பூச்சிகளுடையவை. நம் மலையிலும் காணப்படுவது அவற்றில் ஒன்றே ஒன்று: வயிற்றுப் பக்கங்களில் இளஞ்சிவப்புப் பட்டைகள் கொண்ட, சாம்பல் நிறத் தடித்த பருந்து அந்து. அது உண்மையாகவே ஒரு நாள் வந்து, படபடவென்று விரிப்பை உதறிவிட்டுப் போனது. ‘இந்தப் புத்தகத்தில் இல்லாத பூச்சியா? நீங்கள் புதிய இனத்தைக் கண்டிருக்கலாம்!’ என்பது கையேட்டின் கடைசிப் பக்க வாசகம். அதன்படி பார்த்தால் நான் முதல் இரவிலேயே ஐம்பது இனங்களைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அவற்றில் இரண்டு என்னைக் கொஞ்சம் ஏமாற்றவும் செய்தன. ஒன்று சிறியது, இறகில் கருங்கபிலக் கறை கொண்டது. மற்றது பெரியது, மங்கிய மஞ்சள் கபிலம், இறகை மடக்கி உட்கார்ந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த வடிவம். தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு கணம்தான் பார்த்தார். “தம்பி, இது ரெண்டும் புருஷனும் பொஞ்சாதியும். டோர்ட்ரிக்ஸ். கொழுந்து இலைய ஒட்டி வச்சித் திங்கிற புழுவோட அந்து” என்றார்.

அந்தப் பூச்சியின் அறிவியற் பெயர் ஹொமோனா கொஃபியாரியா (நீட்னர், 1861). இங்கே கோப்பி விளைந்த காலத்தில் பெயரிட்டதால் பெயரில் கோப்பி இருக்கிறது. 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை ஏறியது, பெயர் மாறவில்லை. முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியற் பெயரிடலின் விதி. பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பது, இனம் பின்னர் வேறு பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு) மாற்றப்பட்டதைக் காட்டும் குறி. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உண்மையில் ஒரு புதிய அந்தை விவரிக்கும் வேலை, விளக்கு அணைந்த பிறகுதான் தொடங்குகிறது. இறகுக் கோலம் இடத்துக்கு இடம் மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும் மாறும். செதில் உதிர்ந்தால் அடையாளமே போய்விடும். ஆகவே வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் மென்திசுக்களைக் கரைத்து, இனப்பெருக்க உறுப்பின் கடின பாகங்களை நுணுக்குக்காட்டியில் நெருங்கிய இனங்களுடன் ஒப்பிடுகிறார்கள். இப்போது பலர் 658 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டையும் படித்துப் பார்க்கிறார்கள். ஒப்பிடுவதற்குப் பழைய மாதிரிகள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மூர், ஹாம்ப்ஸன் என்ற பூச்சியியலாளர்கள் விவரித்த இலங்கை அந்துகளின் மூல மாதிரிகளில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிறகும், 1999க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய இனப் பெயருக்கும் பெயர்தாங்கி மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான பூச்சியை, தெளிவாகக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசிப் படத்தை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் முடிகிற காரியமல்ல.

‘பிடித்த பூச்சியைப் போத்தலில் இடுங்கள்’ என்று கையேடு இலகுவாகச் சொல்கிறது. ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அப்படிச் செய்தால் வழக்குத்தான் மிஞ்சும். இங்கே விற்கிற பொருளுக்கு அந்த எச்சரிக்கையையாவது ஒரு துண்டுத்தாளில் அடித்துச் சேர்த்திருக்கலாம். புற ஊதா ஒளியை நேரே பார்க்கக் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விடயமல்ல.

எட்டு மணிநேரம் எரியும் என்றார்கள். 20,000 மில்லியம்பியர் மணி பவர் பேங்கில் எனக்குக் கிடைத்தது ஐந்தே கால் மணிநேரம். இரண்டாம் மாதம் ஆளிக்குள் பனி நீர் இறங்கி விளக்கு மினுங்கத் தொடங்கியது. மாற்று ஆளி தருவதாகச் சொன்ன கடை மூன்று கிழமை இழுத்தது. கடைசியில் பண்டாரவளையில் வானொலி திருத்துபவர் ஒருவர் 400 ரூபாய்க்குச் சரிசெய்து, இறப்பர் வளையமும் போட்டுத் தந்தார்.

விளக்கை மட்டும் தனியாக 7,000 ரூபாய்க்குள் கொடுப்பார்களானால் தயங்காமல் வாங்கலாம். திரை உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். கையேட்டை நான் மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதன் ஓரங்களில் நம் தோட்டத்துப் பூச்சிகளின் பெயர்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார்.