கோர்ட் ஓரமா, கேலரியா? இன்டோர் மேட்ச் எடுக்க 50, 85, வாடகை 70-200

பிள்ளை ஷட்டில் ஆட ஆரம்பித்த ஆறு மாதத்தில் அப்பாவிடமிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்க, எந்த கேமரா வாங்கலாமுங்க?" கோவையோ திருப்பூரோ ஈரோடோ, கடையில் போய் இதைக் கேட்டால் புதிய பாடி ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார்கள். காதுகுத்துக்கும் கோயில் பயணத்துக்கும் வாங்கிய கேனான் 1500டி-யோ நிகான் டி5600-வோ வீட்டு பீரோவில் இருந்தால், அதுவே போதும். காசு போக வேண்டிய இடம் லென்ஸ்.

முதல்முறை உள்ளரங்க ஆட்டம் எடுக்கப் போகிறவருக்கு உருப்படியான வழி மூன்று. 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குவது, 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குவது, 70-200 எஃப் 2.8-ஐ வாடகைக்கு எடுப்பது. மி.மீ. கூடினால் தூரத்து ஆள் கிட்டத்தில் தெரிவார்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடுதலாக வரும். இதில் எது உங்களுக்கு என்பது, உங்களை எங்கே உட்கார விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. என்ன ஆட்டம், கையில் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

கேமராவோடு வந்த 18-55-ஐ வைத்தே பார்த்துவிடலாமே என்று தோன்றும். நம் பக்கத்து ஷட்டில் கோர்ட்டுகளில் பல, தகரக் கூரை போட்ட ஷெட்டுகள். பச்சைச் சுவர், பக்கவாட்டில் எல்இடி, கூரையில் வெளிச்சத்துக்காக அங்கங்கே கண்ணாடி ஷீட். உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கும். கேமராவைத் தூக்கினால்தான் வண்டவாளம் தெரியும். அப்படி ஒரு கோர்ட்டில் எஃப் 2.8, ஷட்டர் 1/800 விநாடி, ஐஎஸ்ஓ 6400 என்று கணக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ என்பது கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும் அளவு, அது ஏற ஏறப் படத்தில் புள்ளி விழும். 18-55-ஐ 55 வரை இழுத்தால் அது எஃப் 5.6 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. அதே வேகத்தில் எடுக்க ஐஎஸ்ஓ 25600 வேண்டும். எஃப் 1.8 லென்ஸில் அதே படம் 2500-ஐ ஒட்டி முடிந்துவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. லட்சம் கொடுத்து, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடிக்கு மாறினாலும் சுமார் ஒரு ஸ்டாப்தான், அதாவது ஒரு மடங்கு கூடுதல் வெளிச்சத்துக்குச் சமமான லாபம்தான் கிடைக்கும். இங்கே மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கிறது. 55-250 ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், அதுவும் இழுத்த முனையில் எஃப் 5.6.

வேகம் எவ்வளவு வேண்டும்? சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் ஜப்பானில் அடித்து கின்னஸில் ஏறிய ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. 1/1000 விநாடி ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அந்தப் பந்து 15 செ.மீ.-க்கு மேல் போயிருக்கும். பள்ளிப் பிள்ளை 200-இல் அடித்தாலும் ஐந்தரை செ.மீ., அதாவது பந்தின் நீளத்தில் பாதிக்கு மேல். ஆக ஸ்மாஷில் பந்து கொஞ்சம் இழுத்தபடிதான் வரும். அதை விட்டுவிடுங்கள். முகமும் தோளும் நின்றால் போதும், அதற்கு 1/800 தாங்கும். 1/500-க்குக் கீழே இறங்கினால் ராக்கெட் பிடித்த கையே காணாமல் போகும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது உங்கள் கை நடுக்கத்துக்கு. ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தி வைக்காது.

முதலில் பி.டி. சாரைப் பிடியுங்கள்

லென்ஸ் விலை விசாரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. மேட்ச் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது போய், "சார், கோர்ட்டுப் பக்கத்துல உக்காந்து எடுத்துக்கலாமுங்களா? ஃப்ளாஷ் போட மாட்டேனுங்க" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். ஃப்ளாஷ் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கும் என்பதால்தான் கேமராக்காரரைக் கண்டாலே நடுவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலும், "பேஸ்லைனுக்குப் பின்னால உக்காருங்க, லைன் அம்பயருக்கு மறைக்காம பாத்துக்குங்க" என்று பதில் வரும். சில இடங்களில் பெற்றோரை கம்பி வலைக்கு அந்தப் பக்கமோ கேலரியிலோதான் விடுவார்கள்.

தூரம் தெரிந்தால் லென்ஸ் தானாக வந்துவிடும். சாதாரண கேனான் பாடியைச் செங்குத்தாகப் பிடித்து, கை தூக்கி நிற்கும் ஆளை ராக்கெட்டோடு முழுசாகப் பிடிக்க 50 மி.மீ.-க்கு சுமார் 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 85-க்கு 10 மீட்டர். 200-க்கு 23, 24 மீட்டர். நிகானில் இதைவிடத் துளி குறையும்.

50: பத்தாயிரத்தை ஒட்டிய விலை

கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம்-இன் எடை 160 கிராம். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம். பாஸ்கெட்பாலுக்கு முதல் லென்ஸாக இதைத்தான் சொல்வேன். கோவையில் பாஸ்கெட்பாலுக்கு இருக்கிற கூட்டம் தனி. பி.எஸ்.ஜி. டெக்கில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி பெரிய மேட்ச்சில் உங்களைத் தரையில் விடப் போவதில்லை. ஆனால் பள்ளி, கல்லூரி மேட்ச்களில் ரிங்குக்குப் பின்னால், போஸ்ட்டுக்கு ஒரு ஓரமாகத் தரையில் உட்கார இடம் கிடைக்கும். லே-அப்புக்கு, அதாவது ஓடி வந்து எகிறி ரிங்கில் போட, வருகிறவர் நேராக உங்கள் மேல் ஏறி வருகிற மாதிரி வருவார். 85 வைத்திருந்தால் தலை வெட்டுப்படும். 50-இல் கால் முதல் ரிங் பக்கம் நீளும் கை வரை உள்ளே வரும்.

இன்னொரு வசதி, 6 மீட்டரில் எஃப் 1.8-இலேயே ஒரு மீட்டர் அளவுக்கு ஃபோகஸ் ஆழம் கிடைக்கிறது. புதியவர் கொஞ்சம் பிசகினாலும் முகம் தப்பிக்கும். கோர்ட்டின் மறுமுனையை மறந்துவிட வேண்டும். பாஸ்கெட்பால் கோர்ட் 28 மீட்டர் நீளம்; அங்கே நடப்பது 50-இல் எறும்பு.

குறை அதன் ஃபோகஸ் மோட்டார். எஸ்டிஎம் என்ற அந்த மோட்டார் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடி வருகிறவரைத் துரத்தச் சொன்னால் திணறும். ஃப்ரீ த்ரோ கோட்டில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டிவிட்டு, ஆள் அங்கே வரும்போது அழுத்துவதுதான் இதற்கு நல்ல வழி.

கபடிக்கும் 50 சரிப்படும். மேட் 13க்கு 10 மீட்டர்தான், ஏழு பேர் கை கோத்து நிற்கிறார்கள், ரைடர் மட்டும் தெரிந்து பிடிக்கிறவர்கள் தெரியாவிட்டால் அது கபடிப் படமே இல்லை. எஃப் 2.5 பக்கம் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்.

85: ஷட்டிலுக்கு இதுதான்

ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர். நீங்கள் பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறீர்கள். நெட் வரை 6.7 மீட்டர். நெட்டுக்கு அப்பால் இரண்டு மூன்று மீட்டரில் எதிர்ப்பக்க ஆள் எகிறுகிறார். கூட்டிப் பாருங்கள், பத்து, பதினொன்று. 85-க்கு அளந்து வைத்த தூரம். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும் என்பதைத்தான் நிறைய அப்பாக்கள் மறந்துவிடுகிறார்கள். பின்னால் உட்கார்ந்து முதுகையும் சட்டை நம்பரையும் எடுத்து வருவார்கள்.

நடுவில் நெட் இருக்கிறது. 1.55 மீட்டர் உயரம். தரையில் உட்கார்ந்தால் ஆள் வலைக்குள்ளேதான் தெரிவார், கேமரா வலையைப் பிடித்துக்கொண்டு விடாது. எழுந்து நின்றால், பின்னால் யாருக்கும் மறைக்காது என்றால் பெஞ்ச் மேல் ஏறினால், குதித்து அடிக்கும் கணத்தில் முகம் வெள்ளைப் பட்டைக்கு மேலே சுத்தமாக வரும். ஃபோகஸ் புள்ளி நடுவில் ஒன்றே ஒன்று. எல்லாப் புள்ளியையும் திறந்து விட்டால் நெட்டுக்குத்தான் ஓட்டு விழும். ஓடுகிறவரை விடாமல் தொடரும் ஃபோகஸ் மோடில் வையுங்கள்: கேனானில் ஏஐ சர்வோ, நிகானில் ஏஎஃப்-சி.

இந்த லென்ஸ் இரக்கம் காட்டாது. 6 மீட்டரில் எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு அடிதான். முன்னால் நீட்டிய ராக்கெட் தெளிவாக இருந்தால் கண் கலங்கியிருக்கும். 10 மீட்டருக்குத் தள்ளிப் போனால் அது ஏறக்குறைய மூன்றடி ஆகிவிடும் என்பதால்தான் எதிர்ப்பக்க ஆளை எடுங்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். முதல் நாள் நிறைய படம் போகும். போகட்டும். கேனானின் 85 எஃப் 1.8, 1992-இல் வந்த பழைய டிசைன். ஆனால் அதன் யுஎஸ்எம் மோட்டார் இன்றைக்கும் 50 எஸ்டிஎம்-ஐ ஓட விட்டுப் பார்க்கும். புதிது முப்பதாயிரத்துக்கு மேல். கல்யாண ஸ்டுடியோக்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழசு நல்ல நிலையில் கிடைக்கிறது.

1500டி விநாடிக்கு 3 படம்தான் எடுக்கும். ஒவ்வொன்றும் 1/1000 என்றால், ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கைத்தான் கேமரா பார்க்கிறது. பட்டனை அமுக்கிப் பிடித்துத் தொடர்ச்சியாக (பர்ஸ்ட்) எடுத்தால் ஸ்மாஷ் அந்த இடைவெளியில்தான் விழும், விழாமல் இருக்காது. அடிக்கிறவர் கை பின்னால் போகும்போதே ஒற்றைப் படமாக அழுத்திப் பழகினால் விநாடிக்கு 20 படம் எடுக்கும் பாடிக்காரரோடு ஓரளவு போட்டி போடலாம்.

70-200: முகூர்த்தம் பார்த்து வாடகை

கேலரியில்தான் இடம் என்று சொல்லிவிட்டால் வேறு வழி இல்லை, இதுதான். பெரிய உள்ளரங்கில் பாஸ்கெட்பால், 18 மீட்டர் கோர்ட்டில் வாலிபால் என்றாலும் இதுதான். இரண்டு ரிங்கையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பிடிக்கும். மோட்டார் வேகமும் மேலே சொன்ன இரண்டையும்விட மேல்.

ஆனால் எஃப் 1.8-இல் வரும் வெளிச்சத்தில் பாதிகூட இதில் வராது. அங்கே 2500 என்றால் இங்கே 6400. தகர ஷெட்டில் இது உறைக்கும். மேலிருந்து வரிசையாக விளக்கு போட்ட அரங்கில் அவ்வளவு தெரியாது. எடை ஒன்றரை கிலோவை ஒட்டி, மூன்று செட் முடிவதற்குள் மணிக்கட்டு பேசும். புதியவர்கள் கையில் கொடுத்ததும் 200-க்கு இழுத்துக்கொண்டு முகத்தை மட்டும் பிடிப்பார்கள். பந்து வெளியே போய்விடும். 120, 135-இல் வைத்துவிட்டு, வேண்டுமானால் வீட்டில் கிராப் செய்துகொள்வது நல்லது.

விலை லட்சத்துக்கு மேல் என்பதால் முதல் லென்ஸாக வாங்கச் சொல்ல மாட்டேன். வாடகைக்கு எடுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: இந்த லென்ஸை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கல்யாணக்காரர்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பெரிய முகூர்த்த நாளில் போன் போட்டால், "இருக்கறதெல்லாம் மண்டபத்துக்குப் போயிருச்சுங்க" என்பார்கள். ஆடியில் சும்மா கிடக்கும். பள்ளிக் குறுவட்டப் போட்டிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்றால் காலண்டரைப் பார்த்துவிட்டு முன்பே சொல்லி வையுங்கள். ஆதார் நகலும் அட்வான்ஸும் கேட்பார்கள். எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் தூர வரம்பு ஸ்விட்ச் எதில் இருக்கிறது என்று பாருங்கள். தூரத்துக்கு மட்டும் என்று வைத்தால் ஃபோகஸ் தேடி அலையாது.

மூன்றுக்கும் பொதுவான தலைவலி

அது விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஒரு சுற்று 10 மில்லி விநாடி. நீங்கள் 1/1000-இல் எடுக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வெட்டி எடுக்கிறீர்கள். மேடு மாட்டினால் படம் பளிச், பள்ளம் மாட்டினால் மங்கி மஞ்சள். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். விளக்கு துடித்தால் அதிலேயே தெரியும். விளக்கின் மேட்டைப் பார்த்துப் படம் எடுக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதியை கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்தது. உங்கள் பாடி மெனுவில் அது இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், கூரையில் கண்ணாடி ஷீட் உள்ள ஷெட்டில் பகல் மேட்ச்சைப் பிடியுங்கள். சூரியன் துடிக்காது. மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும்.

மற்ற செட்டிங்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எம் (மேனுவல்) மோட், 1/800, லென்ஸ் முழுசாகத் திறந்து, முகம் பார்த்து ஐஎஸ்ஓ. விளக்கு மட்டுமே உள்ள அரங்கில் மொத்த வெளிச்சம் மாறுவதில்லை என்பதால் ஒருமுறை வைத்தால் மேட்ச் முடியும் வரை தொட வேண்டியதில்லை. ஜேபெக்காக இல்லாமல் ரா ஃபைலாக எடுத்தால் புள்ளி விழுவதைப் பிறகு குறைக்கலாம். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த டீநாய்ஸ் 6400 படத்தை நன்றாகவே மீட்டுத் தருகிறது. ஷேக் ஆன படத்தை மீட்க எதுவும் இல்லை.

போன்? இருட்டில் அது பல படங்களை ஒட்டித்தான் ஒன்றைத் தருகிறது. ஓடுகிற ஆளுக்கு மூன்று கை முளைக்கும். வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய 85 வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் கடைசியாக இது. டி3500, டி5600 போன்ற நிகான் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஏஎஃப்-டி என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், கையால் திருகி ஸ்மாஷ் பிடிக்க முடியாது. டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் பாடியிலேயே மாட்டி, கடை வாசலில் போகிற பைக்குகளைத் துரத்திப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.