எக்ஸிமா, இயற்கை வைத்தியம், என் பெட்ஷீட்: மூணு வருஷத்துக்கு அப்புறம்

போன வாரம் என்கூட படிச்சவ ஒருத்தி மெசேஜ் பண்ணியிருந்தா. "ஏய், ஸ்டீராய்டே இல்லாம இயற்கையா எக்ஸிமாவ சரி பண்ணிட்டியாமே, என்னடி போட்ட, சீக்கிரம் சொல்லு"ன்னு. எக்ஸிமான்னா தோல் காஞ்சு செவந்து அரிச்சு வெடிக்கற வியாதி, ஸ்டீராய்டுன்னா அத அடக்க டாக்டர் குடுக்கற மருந்து. அவளுக்கு 30 தாண்டினப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கு, முழங்கை மடிப்புலயும் கழுத்துலயும். அவ கேட்ட நேரம், எனக்கு எட்டு மாசமா அடங்கியிருந்தது மறுபடி கெளம்பி மூணு ராத்திரியா தூக்கம் இல்ல. அதனால கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறேன், ஆனா உள்ளதத்தான் எழுதறேன்.

மொதல்ல, சரியாகல. அடங்கியிருக்கு, அவ்வளவுதான். ஃபிலாக்ரின்ங்கறது தோலோட தடுப்ப உறுதியா வச்சிருக்கற ஒரு புரதம், அதோட ஜீன்ல கோளாறு இருக்கவங்களுக்கு எக்ஸிமா வர வாய்ப்பு ரொம்ப அதிகம்னு 2006ல கண்டுபிடிச்சாங்க. எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் அந்தக் கோளாறு இருக்கறதில்ல, ஆனா தோல் ஓட்டைப் பானையா இருக்கறது மட்டும் எல்லாருக்கும் பொது, ஈரம் வெளிய போயிடும், தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ள வந்துடும். ஓட்டைப் பானைய ஒரு தடவ பூசிட்டு அப்பாடான்னு உக்கார முடியாது, தெனம் பூசணும். இது மண்டையில ஏறவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

பூசறதுன்னா எனக்கு ஒத்துக்கிட்டது தேங்காய் எண்ணெய். வாசனை எதுவும் சேக்காதது. மொத ஆறு மாசம் அதயும் திட்டிக்கிட்டுதான் இருந்தேன், ஏன்னா காஞ்ச தோல் மேல பூசிக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, குளிச்சிட்டு துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, தோல் இன்னும் ஈரமா இருக்கும்போதே மூணு நிமிஷத்துக்குள்ள பூசணுமாம். எண்ணெய் தானா ஈரம் குடுக்காது, இருக்கற ஈரத்த போகவிடாம மூடும். அதே பாட்டில், அதே எண்ணெய், பூசற நேரத்த மாத்தின மொத வாரமே முழங்காலுக்குப் பின்னாடி இருந்த வெடிப்பு மூட ஆரம்பிச்சுது, நெஜமாவே அழுதுட்டேன். 24 டிகிரிக்குக் கீழ போனா எண்ணெய் உறைஞ்சிடும், அப்போ விரலால தோண்டி உள்ளங்கையில வச்சு உருக்கறதுக்குள்ளயே மூணு நிமிஷம் ஓடிடும், அதனால குளிக்கப் போகும்போதே பாட்டில சுடுதண்ணி கப்புல வச்சிட்டுப் போவேன்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணியில 5லருந்து 10 நிமிஷம். சுடுதண்ணி ஊத்தற நேரம் அரிப்புக்கு அவ்வளவு சுகமா இருக்கும், அரை மணி நேரத்துல ரெட்டிப்பா வரும். சோப்பு அக்குள், பாதத்துக்கு மட்டும், ஏன்னா தோலோட பிஹெச், அதாவது அமில-கார அளவு, 5 கிட்ட இருக்கும், சாதாரண சோப்பு 9, 10ல இருக்கு. ரொம்ப அரிக்கற நாள்ல ஓட்ஸ நைசா அரைச்சு துணியில முடிஞ்சு தண்ணியில போட்டு அந்தத் தண்ணியில உக்காருவேன். அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003லயே இந்த நைஸ் ஓட்ஸ் தூள தோல் பாதுகாப்புப் பொருளா ஏத்துக்கிட்டாங்க.

இயற்கைங்கற பேர்ல என்னைய எரிச்சதெல்லாம் தனிக் கதை. ஆலிவ் ஆயில் போட்டு மோசமாச்சு, அதுல இருக்கற ஒலியிக் ஆசிட் தோலோட தடுப்பையே கெடுக்கும்னு பின்னாடி படிச்சேன். லேவண்டர், டீ ட்ரீ எண்ணெய் ரெண்டும் கழுத்த தீ மாதிரி ஆக்கிடுச்சு. ஈவ்னிங் ப்ரிம்ரோஸ்ங்கற பூச்செடியோட விதை எண்ணெய் மாத்திர நாலு மாசம் முழுங்கினேன், ஒண்ணும் இல்ல, 2013ல மருத்துவ ஆய்வுகள அலசற கோக்ரேன்ங்கற அமைப்பு எல்லா ஆய்வையும் சேத்துப் பாத்து பலன் இல்லன்னு சொல்லியிருக்காங்க, முன்னாடியே படிச்சிருந்தா காசாவது மிஞ்சியிருக்கும். எல்லாத்துக்கும் மேல ஒரு லேபிள் இல்லாத மூலிகை க்ரீம், நாலே நாள்ல தோல் பளபளன்னு ஆச்சு, நிறுத்தினதும் மொத இருந்தத விட அதிகமா வந்துச்சு. 1999ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எக்ஸிமாக்குக் குடுத்த 11 சீன மூலிகை க்ரீம சோதிச்சதுல 8ல டெக்ஸாமெதாசோன்ங்கற ஸ்டீராய்டு இருந்துச்சாம். நான் போட்டதுல என்ன இருந்துச்சோ. ஸ்டீராய்டுக்கு பயந்து ஓடறவங்க கையில அளவு தெரியாத ஸ்டீராய்ட குடுக்கறது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, யாருமே சொல்லாத விஷயத்துக்கு வரேன். துணி. இயற்கை முறைன்னா எண்ணெயும் குளியலும்னு எல்லாரும் சொல்றாங்க, முக்கால்வாசி வேலை துணி துவைக்கறதுதான்னு ஒருத்தர் கூட சொல்லல. ராத்திரி எண்ணெய் பூசிட்டுப் படுத்தா பெட்ஷீட், தலகாணி உறை, நைட்டி எல்லாம் குடிச்சுக்கும். ரெண்டு நாள் விட்டா ஒரு சிக்கு வாடை வரும் பாருங்க, மூஞ்சிய அதுல வச்சுத் தூங்கவே முடியாது. அந்த வாடை போக நல்ல சுடுதண்ணியில துவைக்கணும், டிடர்ஜென்ட் கொஞ்சம் அதிகமாப் போட்டாதான் எண்ணெய் போகும், ஆனா டிடர்ஜென்ட் துணியில மிச்சம் இருந்தா அதுவே அரிக்கும், அதனால வாசனை இல்லாத டிடர்ஜென்ட், சாஃப்ட்னர் கெடையாது, ரெண்டு தடவ அலசல். வாரத்துல மூணு நாள். மூணு வருஷமா. எண்ணெய் ஊறின துணி தீப்பொறி பட்டா சட்டுனு பிடிச்சுக்கும், துவைச்சாலும் முழுசா போகாது, அதனால அந்த நைட்டியோட அடுப்புப் பக்கமே போறதில்ல. ட்ரெஸ்ல பின்கழுத்து லேபிள எல்லாம் வெட்டிட்டேன், கம்பளி, பாலியஸ்டர் தோல்ல படாது. அதோட இருட்டுக் கலர் பெட்ஷீட்தான் வாங்குவேன், ஏன்னா தூக்கத்துல சொறிஞ்ச ரத்தப் புள்ளி காலையில தெரியக் கூடாது.

பெட்ஷீட்னதும் அந்தக் காலைதான் ஞாபகம் வருது. ரெண்டாவது வருஷம் பெருசா கெளம்பினப்போ டாக்டர்கிட்ட போகவே மாட்டேன்னு 11 நாள் எண்ணெயயும் ஓட்ஸயுமே நம்பி இருந்தேன். 12வது நாள் எந்திரிக்கப் பாத்தா வலது முழங்கால் மடிப்போட பெட்ஷீட் ஒட்டிக்கிட்டிருக்கு. நீர் வடிஞ்சு மஞ்சளா பொருக்கு கட்டி துணியோட காஞ்சிடுச்சு. இழுத்தா தோலோட வரும், கட்டில்லயே உக்காந்து சொம்புல தண்ணி எடுத்து துளித்துளியா விட்டு விட்டு இருபது நிமிஷம் ஊறவச்சுப் பிரிச்சேன். டாக்டர் பாத்ததும் ஸ்டாஃப்ங்கற பாக்டீரியா கிருமி ஏறியிருக்குன்னு ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டும் குடுத்தாரு. அளவும் காட்டுனாரு, விரல் நுனிலருந்து மொத ரேகை வரைக்கும் பிதுக்கினா ஏறக்குறைய அரை கிராம், அது விரலோட சேத்து ரெண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். ஆறே நாள்ல அடங்குச்சு. இத மொத நாளே செஞ்சிருக்கலாமேன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் சொறியறதுக்குப் பதிலா உள்ளங்கைய அந்த இடத்துல அழுத்தி மனசுக்குள்ள முப்பது எண்ணப் பழகினேன், மூணு நாளைக்கு ஒரு தடவ நகத்த வெட்டி ராவி வச்சிப்பேன், ராத்திரி காட்டன் கையுறை. ராத்திரிதான் ஒடம்புல அழற்சிய அடக்கற கார்டிசால்ங்கற ஹார்மோன் கொறையும், தோல் சூடாகும், அதனால அரிப்பு கூடும், மனசு பலவீனமா இருக்கறதால இல்ல. இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். இதெல்லாம் சேந்துதான் அந்த எட்டு மாசம். பெட்ஷீட்ட வெளிச்சத்துல விரிச்சுத் தேடுவேன், ஒரு புள்ளி இருக்காது.

அதனால அவ கேட்டதுக்குப் பதில். எண்ணெய், குளியல், நகம், துணி, நாலும் வேலை செய்யுது, சத்தியமா. ஆனா இயற்கையா மட்டும் பாத்துக்கோன்னு உனக்கு நான் சொல்லவே மாட்டேன்டி. மொதல்ல தோல் டாக்டர பாரு, மருந்து போட்டு அடக்கு, அப்புறம் அடங்கினத காப்பாத்த எண்ணெய எடு. நீர் வடிஞ்சா, மஞ்சளா பொருக்கு கட்டினா, காய்ச்சல் வந்தா ஒரு நாள் கூட வெயிட் பண்ணாத. போன மாசம் கேட்டிருந்தா அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுத்திருப்பேன், இன்னிக்கு ரெண்டுதான். ஆயின்ட்மென்ட் நேத்தே ஆரம்பிச்சாச்சு. பெட்ஷீட் மெஷின்ல ரெண்டாவது அலசல்ல ஓடிக்கிட்டிருக்கு, எடுத்துக் காயப்போடணும்.