வண்டி அருமை, அட்டவணைதான் வில்லன்: நியூசிலாந்து தெற்குத் தீவில் ஒன்பது நாள் தனி பைக் பயணம்

பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கும் ஒரு வாடகை பைக் கடையில், தனியாகப் போகிறவர்களுக்கென்று அவர்கள் விற்கும் 9 நாள் பேக்கேஜை எடுத்தேன். கடையின் பேர் வேண்டாம். குறை சொல்ல நிறைய இருக்கிறது, பதில் சொல்ல அவர்கள் இங்கே வரப்போவதில்லை. வண்டி, முன்பதிவு செய்த அறைகள், வழி ஏற்றிய ஜி.பி.எஸ்., ஒரு அவசரக் கருவி, லேமினேட் செய்த ஓர் அட்டவணை, இவ்வளவுதான் பேக்கேஜ். கூட வழிகாட்டி வரமாட்டார், பின்னால் சாமான் வேன் வராது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்தது சுசூகி வி-ஸ்ட்ராம் 650. 645 சிசி இரட்டை சிலிண்டர், 20 லிட்டர் டேங்க். பார்க்க ஒரு அலுவலக நாற்காலி மாதிரிதான் இருக்கும், யாரும் நின்று படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் தனியாகப் போகிறவனுக்கு அந்த டேங்கின் அருமை மேற்குக் கடற்கரையில் போய்த்தான் தெரியும். ஃபாக்ஸ் கிளேசியரிலிருந்து ஹாஸ்ட் வரை 120 கிலோமீட்டர், நடுவில் பங்க் என்று நம்பி நிற்க ஒன்றும் கிடையாது, பெரும்பகுதிக்கு எனக்கு செல்போன் சிக்னலும் கிடைக்கவில்லை. இருக்கை உயரம் 835 மி.மீ., எனக்கு இரண்டு குதிகாலும் முழுதாகத் தரையில் பதியவில்லை, சரளைக்கல் பார்க்கிங்கில் முதல் இரண்டு நாள் கொஞ்சம் உதறல்தான், அப்புறம் பழகிவிட்டது. டயர் புதிது. செயின் சுத்தமாக எண்ணெய் போட்டு வந்தது. இதற்கெல்லாம் முழு மதிப்பெண்.

உரிமம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெளிநாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அங்கே செல்லும், இல்லையென்றால் மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ வேண்டும். உரிமத்தில் மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும், கார் உரிமத்தைக் காட்டி வண்டி கேட்க முடியாது. இடதுபுறம் ஓட்டும் நாடு என்பதால் அந்தக் குழப்பம் நமக்கு இல்லை.

சரி, அட்டவணைக்கு வருவோம். அதை எழுதியவர் கூகுள் மேப்பைத் திறந்து கிலோமீட்டரைக் கூட்டியிருக்கிறார், வண்டியில் உட்கார்ந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. முதல் நாள் ஆர்தர்ஸ் கணவாய் வழியாக கிரேமவுத், சுமார் 240 கிலோமீட்டர், அதில் குறையே இல்லை. சமவெளியில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும், 920 மீட்டர் உயரத்தில் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் உலகமே பச்சை. தாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தெற்கு ஆல்ப்ஸ் மறித்து நிற்பதால் மழையெல்லாம் மேற்கே கொட்டித் தீர்ந்துவிடுகிறது, கிழக்கே வருவது வறண்ட காற்று மட்டும். ஒரே மதியத்தில் இரண்டையும் உடம்பால் உணரலாம், ஏனென்றால் உச்சியில் மழைக்கோட்டைப் போட வேண்டியிருந்தது. இறக்கத்தில் ஒட்டிரா பள்ளத்தாக்கின் மேல் 1999-ல் திறந்த மேம்பாலம் வருகிறது, 440 மீட்டர் நீளம். அதற்கு முன்பு அந்த இடத்தில் மண்சரிவுக்கு நடுவே வளைந்து வளைந்து போன ரோடு இருந்தது. இரண்டாவது கியரில் எஞ்சினை வைத்தே இறங்கினேன், பிரேக்கைத் தொட அவசியமே வரவில்லை.

இரண்டாம் நாள்தான் வில்லன் முகத்தைக் காட்டினான். காலை 9 மணிக்கு புனகைகியில் பான்கேக் பாறைகளைப் பார்த்துவிட்டு, திரும்பி கிரேமவுத் வழியாக ஃபிரான்ஸ் ஜோசப் போ என்கிறது அட்டவணை. அப்பளம் அடுக்கின மாதிரி சுண்ணாம்புப் பாறை, அதன் ஓட்டைகள் வழியாகக் கடல் பீறிட்டு மேலே வரும். அது கடல் ஏற்றத்தின்போதுதான் வரும். அன்றைக்கு ஏற்றம் மதியத்துக்கு மேல். நான் போய் நின்றபோது பாறைகள் வெறும் பாறைகளாக நின்றன. கடல் ஏற்றத்தின் நேரம் வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே அச்சில் கிடைக்கிற விஷயம்! நான் வரும் தேதி கடைக்காரருக்குத் தெரியும், ஒரு நிமிட வேலை. பார்க்காமல் விட்டார்கள்.

அன்று மதியம் ஹோகிட்டிகாவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, வாளியால் ஊற்றுகிற மழை. இந்தப் பக்கத்தில் ஆறுகளின் மேல் ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில்தான் பாலங்கள் நிறைய. போர்டில் இரண்டு அம்புகள் இருக்கும். உங்கள் திசை அம்பு பெரியதாக இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை, சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நின்று வழிவிட வேண்டும். வெயிலில் பார்த்தால் சுலபம். வைசரில் தண்ணீர் வழியும்போது, எதிரே ஒரு கேம்பர்வேன் (படுக்கை, அடுப்போடு வரும் சுற்றுலா வேன்) அதே சந்தேகத்தோடு வரும்போது, முன்னுரிமை நமக்கே இருந்தாலும் நின்றுவிடுங்கள். ஃபிரான்ஸ் ஜோசப்பில் வைஹோ ஆற்றின் மேல் இருந்த பாலத்தை 2019 மார்ச் வெள்ளம் அப்படியே அடித்துக்கொண்டு போனது, மூன்று வாரத்துக்குள் வேறு பாலத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு மழை பெய்கிற ஊருக்கு, ஒரு நாளுக்கு எட்டு இடத்தில் நின்று படம் எடு என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓர் இடத்தில்தான் நின்றேன், அதுவும் கையுறையைப் பிழிய.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளைத் திரும்ப ஓட்டலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ப்ரூஸ் பே என்ற இடத்தில் 6-ம் எண் நெடுஞ்சாலை கடலை ஒட்டியே போகிறது, ஒரு பக்கம் அலை ஒதுக்கிய வெள்ளைக் கட்டைகள், மறுபக்கம் சொட்டச் சொட்ட நனைந்த காடு. அங்கிருந்து உள்ளே திரும்பி, மறுபடி மேடேறி, நைட்ஸ் பாயிண்டில் வண்டியை நிறுத்தினால் கீழே கடல். இந்த நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு 1965-ல்தான் முடிந்ததாம், அதைச் சொல்லும் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. அதுவரைக்கும் மேற்குக் கடற்கரையிலிருந்து தெற்கே ரோட்டில் வர வழியே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அதைப் படிக்கிற இரண்டு நிமிடத்தில் சேண்ட்ஃபிளை என்னும் குட்டி ஈக்கள் கழுத்தை ஒரு கை பார்த்துவிட்டன. கொசு பரவாயில்லை. நிற்கும்போது கையுறையைக் கழற்றாதீர்கள், கழற்றினால் மருந்து தடவிக்கொண்டு கழற்றுங்கள்.

அந்த நைட்ஸ் பாயிண்டுக்கு வருவதற்கு முன்பே, மோராக்கி ஏரி அருகே, பின் டயர் கொழகொழவென்று ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ. ட்யூப்லெஸ் டயர்தான், பஞ்சர் கிட் கொடுத்திருக்கிறார்கள், பிளக் போடத் தெரியும், பத்து நிமிட வேலை என்று தைரியமாகப் பையைத் திறந்தேன். பிளக் இருந்தது. பசை இருந்தது. காற்றடிக்கும் கார்ட்ரிட்ஜ் மூன்றில் மூன்றும் காலி, முந்தைய வாடகைக்காரர் எப்போதோ பயன்படுத்திவிட்டு அப்படியே உள்ளே போட்டிருக்கிறார். பிளக்கைச் செருகி முடித்து, காற்றில்லாத டயரோடு ரோட்டோரம் நாற்பது நிமிடம் நின்றேன். சிக்னல் இல்லை. அவசரக் கருவி இருந்தது, ஆனால் அதை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போகும், ஹெலிகாப்டர்கூடக் கிளம்பும், பஞ்சருக்கு அதை அழுத்துகிறவன் மனுஷனே இல்லை. கடைசியில் கேம்பர்வேனில் வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தி, 12 வோல்ட் பம்ப்பை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா சேண்ட்ஃபிளை மருந்தும் கொடுத்தார். முதல் மூன்று நாள் ரோட்டில் கேம்பர்வேன்களைத் திட்டிக்கொண்டே வந்ததை அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது பேக்கேஜிலேயே நல்ல விஷயம். உள்ளங்கையளவு மஞ்சள் பெட்டி, கூடுதல் வாடகை வாங்கவில்லை. இடத்தை மட்டும் அனுப்பும், பேசவோ செய்தி தட்டவோ முடியாது. ஆகவே அதை வண்டியின் பக்கவாட்டில் மாட்டும் பேனியர் பெட்டியில் வைத்தால் பிரயோசனமில்லை, வண்டி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக விழுந்தால் என்ன செய்வீர்கள்? ஜாக்கெட் பாக்கெட்டில் வையுங்கள். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. விபத்தில் அடிபட்டால் சிகிச்சைச் செலவில் சுற்றுலாப் பயணிக்கும் அந்நாட்டு அரசின் விபத்துக் காப்புத் திட்டம் கை கொடுக்கும், ஆனால் ஊருக்குத் திரும்ப அனுப்பும் செலவு, பாழான டிக்கெட் எல்லாம் அதில் வராது. பயணக் காப்பீடு தனியாக எடுங்கள், எடுக்கும்போது பெரிய பைக்குக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

ஹாஸ்ட் கணவாய் 562 மீட்டர்தான், மேலே ஏறுகிறோம் என்றே தெரியாது, ஏரிகளை ஒட்டிப் போகும் கடைசி 60 கிலோமீட்டர்தான் சுகம். பழுதுபார்க்கும் பருவம் என்பதால் வனாக்காவுக்கு முன் புதிதாக ஜல்லி தெளித்த ரோடு இரண்டு இடத்தில் வந்தது, 30 வேக போர்டு இருக்கும், அதை மதியுங்கள். வெயிலில் தார் உருகிக் கண்ணாடியாக மின்னும் இடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், வளைவில் அது ஈரத்தைவிட மோசம்.

அட்டவணையின் உச்சம் ஐந்தாம் நாள். நான்காம் நாளுக்கு வனாக்கா - குயின்ஸ்டவுன், வெறும் 70 கிலோமீட்டர். ஆறாம் நாள் ஓய்வு. நடுவில் ஐந்தாம் நாள் குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் போய் அன்றைக்கே திரும்பு என்கிறார்கள், 580 கிலோமீட்டர்! இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் காரில்கூட அது கஷ்டம். முன்பதிவு செய்த அறை போனால் போகட்டும் என்று நான்காம் நாளே கிரவுன் ரேஞ்ச் ஏறி இறங்கி (1,076 மீட்டர், நாட்டின் பெரிய சாலைகளில் இதுதான் உயரம், இறக்கத்தில் அழகான கொண்டை ஊசிகள்), குயின்ஸ்டவுனில் டேங்கை நிரப்பி, நேராக தே ஆனாவ் போய் என் கைக்காசில் இரண்டு இரவு தங்கினேன். அங்கிருந்து மில்ஃபோர்ட் 120 கிலோமீட்டர்தான். காலையில் நிதானமாகக் கிளம்பி, பஸ் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். விட்டுப்போன குயின்ஸ்டவுன் அறைக்கு ஒரு பைசா திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

ஏன் என்றால் ஹோமர் சுரங்கம். 1.2 கிலோமீட்டர் நீளம், 1935-ல் கையும் மண்வெட்டியுமாகத் தோண்டத் தொடங்கியது. உள்ளே பூச்சு இல்லாத கல்சுவர், தண்ணீர் சொட்டுகிறது, மில்ஃபோர்ட் பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. நான் கறுப்பு வைசரோடு உள்ளே நுழைந்தேன். ஐந்து நொடிக்கு ஒன்றுமே தெரியவில்லை. வைசரைத் தூக்கினால் கண்ணில் சொட்டு விழுகிறது. குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் ஓட்டி வந்து களைத்தவன் மாலையில் இதே சுரங்கத்துக்குத் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். தெளிவான வைசர் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். சுரங்கத்துக்கு வெளியே சிக்னலில் நிற்கும்போது கியா கிளிகள் வரும். மலை உச்சியில் வாழும் பச்சைக் கிளி, அறிவும் அதிகம், குறும்பும் அதிகம், ரப்பர் என்றால் உயிர். எனக்கு முன்னால் நின்ற காரின் வைப்பர் ரப்பரை இழுத்துக்கொண்டிருந்தது ஒன்று, என் இருக்கையை ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. தீனி போடக்கூடாது, அதற்குக் கெடுதல். மில்ஃபோர்டில் வருடத்துக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும், எனக்கு வெயில். அதிர்ஷ்டம்தான், பேக்கேஜில் அது சேர்த்தி இல்லை.

திரும்பும் வழியில் லிண்டிஸ் கணவாயும் தெக்கப்போ ஏரியும் நன்றாக இருக்கின்றன, ஆனால் பக்கக்காற்று. நேரான ரோட்டில் வண்டியைச் சாய்த்தே ஓட்டினேன், எதிரே லாரி வந்து காற்றை ஒரு நொடி மறைக்கும்போதெல்லாம் வண்டி ரோட்டின் மறுபாதிக்குத் தாவப் பார்த்தது. கடைசி நாள் கைகோரா, போய்வர 360 கிலோமீட்டர். 2016 நவம்பர் நிலநடுக்கத்தில் அங்கே கடற்தளமே மேலே எழும்பியது, ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து 2017 டிசம்பரில்தான் திறந்தது. கடல்நாய்கள் (சீல்) பாறையில் படுத்திருக்கின்றன. நான் களைத்திருந்தேன், அவ்வளவாக ரசிக்கவில்லை.

வண்டிக்கு ஐந்துக்கு ஐந்து, அவசரக் கருவிக்கு ஐந்து, அட்டவணைக்கு ஒன்றரை. அடுத்த முறை போனால் வண்டியை மட்டும் இவர்களிடம் எடுப்பேன், அறைகளை நானே இரண்டு நாளுக்கு முன்னால் வானிலை பார்த்துப் பதிவு செய்வேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது காலி கார்ட்ரிட்ஜ் மூன்றையும் கவுண்டரில் வரிசையாக வைத்தேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் பின்னால் திரும்பி, தட்டிலிருந்து ஒரு சின்ன மின்சார பம்ப்பை எடுத்துக் காட்டி, “இது எல்லோருக்கும் இலவசம், கேட்டால் கொடுப்போம்” என்றான்.