விஆர் ஹெட்செட், மூன்று வருடத்துக்குப் பிறகு: மூடிய கை அதற்குத் தெரிவதில்லை

தாராபுரத்தில் சிகிச்சை மையம் வைத்திருக்கும் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "ஹெட்செட் விலை இறங்கியிருக்குதுங்க்கா. சிபி குழந்தைகளுக்குக் கை-கண் சோதிக்க ஒண்ணு வாங்கலாமா?" அப்போதுதான் என்னுடையது தலைப்பட்டை ஒடிந்து, கோயம்புத்தூர் போய்ச் சரியாகி வந்திருந்தது. தலையில் மாட்டினால் கண்முன் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி அது. மூளைப் பாதிப்பால் அசைவுகள் சிரமமாகும் சிபி (செரிப்ரல் பால்சி) குழந்தைகளுக்காகக் கோபியில் மூன்று வருடமாக அதைப் பயன்படுத்துகிறேன். அவளிடம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பாக்ஸ் அண்டு பிளாக் சோதனை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நடுவில் தடுப்பு வைத்த பெட்டி, 2.5 செ.மீ. மரக்கட்டைகள் 150; ஒரு நிமிடத்தில் ஒரு கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தடுப்பின் மறுபக்கம் போட வேண்டும். எத்தனை கட்டை தடுப்பைத் தாண்டியது என்ற ஒரே எண்தான் கிடைக்கும். சென்னிமலைப் பக்கமிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள், வலப்பக்கம் பலவீனம். ஆறு மாதப் பயிற்சிக்கு முன்னால் 14 கட்டை, பிறகும் 14. தறி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரும் அவள் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு மனசே வரவில்லை.

அன்று ஹெட்செட்டின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மிதக்கும் பந்தைத் தொடும் எளிய விளையாட்டு அது. கையும் தலையும் போன பாதையைச் சேமிக்கும்படி தெரிந்த கல்லூரிப் பையன் எழுதிக் கொடுத்தது. (கடையில் வாங்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் மதிப்பெண்தான் காட்டும், அது நமக்கு உதவாது.) ஆறு மாதத்துக்கு முன் பந்து தள்ளி வந்தபோதெல்லாம் தலையும் முன்னால் போயிருக்கிறது. முழங்கை நீளாததால் உடம்பைச் சாய்த்து எட்டியிருக்கிறாள். இப்போது தலை இருந்த இடத்திலேயே இருக்க, கை நீண்டு போகிறது. இரண்டு கோடுகளையும் அம்மாவுக்குக் காட்டினேன். "ஆமாங்க, முன்னெல்லாம் சோத்துத் தட்டு மேலயே சாய்வாளுங்க, இப்ப இல்லைங்க" என்றார். வீட்டில் அவர் கண்ணால் பார்த்தது எனக்குக் கட்டை எண்ணிக்கையில் தெரியவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த மெஷின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

அப்புறம் பவானியிலிருந்து ஏழு வயதுப் பையன் வந்தான். இடது கை எப்போதும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டும் வளைந்து. ஹெட்செட்டை மாட்டினேன். வலது கை உடனே தெரிந்தது. இடது கை ஒரு நொடி மின்னி மறைந்தது. "அக்கா, என்ற கை காணோமுங்க" என்றான்.

அந்தக் கையை மறந்துவிடாதே என்று அவனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். நான் மாட்டிவிட்ட கருவியே அதை அழித்துவிட்டது. மூன்று வருடத்தில் எனக்குத் தீராத கோபம் இதுதான்.

காரணம் புரியாமலில்லை. முன்னால் இருக்கும் கேமராக்கள் படத்தைப் பார்த்து விரல் மூட்டுகள் எங்கே என்று ஊகிக்கின்றன. விரிந்து மடங்கும் கைகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள், விரல்களுக்குள் ஒளிந்த கட்டைவிரலைக் கண்டால் கைவிட்டுவிடுகிறது. கையை மடியில் வைத்தாலும் கேமராவுக்கு எட்டாது. ஆனால் கோப்பில் விழுவது, குழந்தை முயலவே இல்லை என்பது போன்ற வெற்றிடம். அவன் முயன்று தோற்றதா, மெஷின் தோற்றதா என்று பிறகு பார்க்கிறவருக்குத் தெரியாது. இதை மதிப்பீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? ஹெட்செட்டோடு வரும், கையில் பிடிக்கிற கட்டுப்பாட்டுக் கருவியை வெல்க்ரோவால் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். பாதை பதிந்தது. திரையிலோ விரல் விரிந்த, யாருடையதோ ஒரு கை வந்தது. சிபி பிள்ளைகள் அன்றாடம் கைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பிரிக்கும், 2006-ல் வந்த மேக்ஸ் (MACS) வகைப்பாட்டின் ஐந்து நிலைகளில் முதல் இரண்டில் உள்ள பிள்ளைகளின் கை பெரும்பாலும் ஒழுங்காகப் பதிகிறது. நிலை எண் கூடக் கூடச் சிரமமும் கூடும்; அதற்கு மேலே போகப் போக, எந்தக் கையை அளக்க நமக்கு அதிகம் தேவையோ அந்தக் கைதான் தொலைகிறது.

மற்றவை இதற்குப் பிறகுதான். என்னுடையது கண்ணசைவைப் பதியாது. தலை திரும்பிய பக்கம்தான் தெரியும். மாறுகண் உள்ள பிள்ளைகளுக்கு அது பார்வை ஆகாது. லென்ஸ் இடைவெளி பெரியவர் முகத்துக்கானது. அரைக்கிலோ எடை, கழுத்து நிற்காத குழந்தைக்குச் சரிப்படாது. சிபி குழந்தைகள் பலருக்கு வலிப்பும் உண்டு, அதனால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. இத்தனை சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பெற்றோரிடம் அதையும் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஐந்து நிமிடம் மாட்டுகிறேன். சித்திரை வெயிலில் முகப் பஞ்சு நனைந்து நாறும், துவைக்கிற உறை இரண்டு வேண்டும்.

தோழியிடம் வாங்காதே என்றேன். ஆசாரியிடம் சொல்லி மரப்பெட்டியும் கட்டைகளும் செய்துகொள், பக்கவாட்டில் போனை வைத்துப் படம் எடு, உடம்பு சாய்வது அதிலேயே தெரியும் என்றேன்.

பவானிப் பையனுக்கு இப்போது மரக்கட்டைதான். போன வியாழக்கிழமை இடது கையின் புறத்தால் தள்ளித் தள்ளியே நாலு கட்டையைத் தடுப்புக்கு மேலே ஏற்றிவிட்டான். எடுத்துப் போட்டால்தான் கணக்கு என்பதால் சோதனை விதிப்படி அது பூஜ்யம். அவன் அமுச்சி (அம்மாவின் அம்மா) நாலையும் சத்தமாக எண்ணினார். தாளில் நானும் நாலு என்று தனியாகக் குறித்து வைத்தேன்.

சனிக்கிழமை சென்னிமலைப் பெண் வருகிறாள். ஹெட்செட் சார்ஜில் இருக்கிறது.