ஆர்டி 350: சேம்பர் இருக்கட்டும், பாட் ஃபில்டர் வேண்டாம்

ஆறு வருடமாக ஒரு ராஜ்தூத் ஆர்டி 350 பைக் வைத்திருக்கிறேன், இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், எல்டி (லோ டார்க்) மாடல். எஸ்கார்ட்ஸ் 1983ல் இங்கே தயாரிக்கத் தொடங்கிய வண்டி. முதலில் வந்த ஹெச்டி (ஹை டார்க்) 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்டி 27. அந்த மூன்றரை குதிரையை மீட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வாங்கிய மூன்றாவது மாதமே இரண்டு எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (சைலென்சருக்குப் பதில் மாட்டும், நடுவில் பருத்த புகைக்குழாய்) இரண்டு பாட் ஃபில்டரும் (கார்புரேட்டர் வாயில் நேராக மாட்டும் திறந்த ஏர் ஃபில்டர்) மாட்டினேன். ஒரே நாளில் இரண்டையும் மாட்டியதுதான் முதல் தப்பு, எந்த மாற்றம் என்ன செய்தது என்றே பிறகு தெரியவில்லை.

சத்தம் பிரமாதம். 6,000 ஆர்பிஎம் தாண்டினால் கையைப் பிடுங்கும். அதற்குக் கீழே வண்டி செத்துப்போய்க் கிடக்கும். பழைய மெயின் ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) ரெண்டு வாரம் அப்படியே ஓட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பொள்ளாச்சி ரோட்டில் ஃபுல் த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தபோது இடது பிஸ்டன் ஜாம். பின் சக்கரம் இழுத்துக்கொண்டே போனது, எப்படியோ கிளட்சைப் பிடித்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றி நீட்டினார், பீங்கான் வெள்ளை வெளேர் என்று இருந்தது. "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சைலென்சருக்குக் காசு இருந்துச்சு, ஜெட்டுக்கு இல்லையா தம்பி?" என்றார். ரெண்டு பக்கமும் சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஐட்லிங்கும் அதை ஒட்டிய த்ராட்டிலும் பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும். த்ராட்டில் கால் வாசியில் இருந்து முக்கால் வாசி வரை ஊசி (ஸ்லைடு என்கிற த்ராட்டில் அடைப்பானோடு ஏறி இறங்கி பெட்ரோல் வழியைத் திறப்பது). அதற்கு மேல்தான் மெயின் ஜெட். இந்த கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் லீன் (பெட்ரோல் கம்மி), உள்ளே திருப்பினால் ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி). வேறு வண்டிப் பழக்கத்தில் வருகிறவர்கள் இங்கே குழம்பலாம். மெயின் ஜெட்டை எப்போதும் பெரிய நம்பரில் இருந்து கீழே இறங்கி வாருங்கள். ரிச்சாக இருந்தால் புகையும், பிளக் நனையும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் பொள்ளாச்சி ரோடு. புது பி8ஹெச்எஸ் பிளக் போட்டு, மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை ஆஃப் செய்து பிளக்கைப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஓட்டி வீட்டுக்கு வந்து பார்க்கிற நிறம் எதற்கும் உதவாது. இன்னொன்று, மலிவாகக் கிடைக்கிற ஜெட்டுகளில் பொறித்திருக்கும் நம்பரை நம்பாதீர்கள், ஒரே நம்பர் போட்ட இரண்டு ஜெட் இரண்டு மாதிரி ஓடிய அனுபவம் எனக்கு உண்டு.

ரெண்டு கார்பும் ஒரே நேரத்தில் திறக்கிறதா என்பது தனிக் கதை. ஒரே கேபிள் பிரிந்து இரண்டு கார்புக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒரே அளவு டிரில் பிட்டைச் செருகி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகினால் இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். அதை அட்ஜஸ்ட் செய்த பிறகு பம்பின் குறியையும் சரிபார்க்க வேண்டும், நான் ஒருமுறை மறந்து டூடி ஆயிலை (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) வண்டியைக் குடிக்கவிட்டேன், தெருவே புகை.

இவ்வளவு செய்தும் பாட் ஃபில்டரோடு ஒரு வருடம் நிம்மதி இல்லை. மெயின் ஜெட் 220 வரை போனேன். மேலே சரியாக இருந்தால் நடுவில் மிஸ்ஸிங், நடுவைச் சரிசெய்தால் பக்கத்தில் லாரி கடக்கும்போது காற்று அடித்து இன்ஜின் தடுமாறும். மழையில் சொல்லவே வேண்டாம். கடைசியில் வெறுத்துப்போய் பழைய ஏர் பாக்ஸை (கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி) தேடிப் பிடித்து மாட்டினேன், சேம்பரை மட்டும் விட்டு வைத்தேன். மெயின் ஜெட் 160, ஊசியின் கிளிப் நடுக்காடியில். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது! டாப் எண்டில் எனக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. (இது என் வண்டியின் நம்பர், உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் பிளக் பார்க்க வேண்டும். கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு) போயிருந்தால் எந்த ஜெட்டும் காப்பாற்றாது, முதலில் அதைப் பாருங்கள்.) எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கலவை லீன் பக்கம் நகர்ந்தது, அதற்கு ஒரு நம்பர் ஏற்றிக்கொண்டேன்.

ஊட்டி போனால் மட்டும் கதை தலைகீழ். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து வண்டி ரிச்சாகி புடுபுடுவென்று இழுக்காது. குன்னூரில் டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு கார்பின் மூடியையும் திருகி ஊசி கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றிவிடுவேன், ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். இறங்கும்போது திருப்பி வைக்க மறந்தால் மேட்டுப்பாளையம் தாண்டியதும் இன்னொரு பிஸ்டன் போகும், அதனால் மாற்றிய கையோடு கிளட்ச் லீவரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைக்கிறேன்.