எம்ஐடியின்ட இலவச ரியல் அனாலிசிஸ் கோர்ஸ், எங்கட கம்பஸ் பிள்ளைகளுக்கு சரிவருமா?

இந்த செமஸ்டர் ரியல் அனாலிசிஸ் (லிமிட், தொடர்ச்சி, வகையீடு எல்லாத்தையும் நிறுவலோட படிக்கிற கணிதப் பாடம்) தொடங்கின ஜூனியர்ஸ் எல்லாரும் "அண்ணா எந்த வீடியோ பார்க்கிற" எண்டு கேட்டுக்கொண்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா எழுதிக் களைச்சுப்போனன், அதால ஒரேயடியா இங்க போட்டுவிடுறன்.

நான் பார்த்தது அமெரிக்காவில இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழகத்தின்ட இலவசப் பாடத் தளம் ஓப்பன்கோர்ஸ்வேர்ல கிடக்கிற 18.100ஏ எண்ட பாடம். 2020ல கேசி ரொட்ரிகஸ் எண்டவர் படிப்பிச்சது, மொத்தம் 25 லெக்சர், காசும் இல்ல, ரெஜிஸ்டர் பண்ணவும் தேவையில்ல. நோட்ஸ், அசைன்மென்ட் எல்லாம் பிடிஎஃப்ஆ இருக்கு. புத்தகம் ஜிரி லெபல் எழுதினது, அதுவும் நெட்ல இலவசம். திருகோணமலையில கோணேசபுரி பக்கம் போர்டிங்ல இருக்கிற ஆக்கள் வீடியோவை நைட் டேட்டால இறக்கி வச்சிருங்க, பகல்ல ஓடவிட்டு டேட்டாவ கரைக்காதீங்க. நோட்ஸை டவுன்ல ஒரு போட்டோகொப்பிக் கடையில ரெண்டு பக்கமும் அடிச்சு ஸ்பைரல் போட்டா பெரிய செலவில்ல. (பிறகு அதை பஸ்ஸ்டாண்ட் பக்கம் மடியில விரிச்சு வச்சுக்கொண்டு இருக்காதீங்க, டவுன்ல திரியிற எங்கட ஊர் மானுக்கு கடதாசி எண்டா தனி விருப்பம்.)

சரி விசயத்துக்கு வாறன். ஏஎல் கம்பைன் மெத்ஸ்ல லிமிட் எண்டா என்ன, எக்ஸ் 0க்குப் போகேக்க சைன் எக்ஸ் கீழ எக்ஸ் ஒண்டுக்குப் போகும், எக்ஸின் என்னாம் அடுக்குக்கு ஒரு தேற்றம், இந்த ரெண்டையும் வச்சு கணக்க உடைச்சு விடை எடுத்தா மார்க்ஸ். கம்பஸ்ல விடை யாருக்கும் தேவையில்ல. எக்ஸ் 2க்குப் போகேக்க எக்ஸ் வர்க்கம் 4க்குப் போகும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா பேப்பர்ல கேக்கிறது அதை எப்சிலன் டெல்டாவால நிறுவு எண்டு, அதாவது எக்ஸ் வர்க்கம் 4ல இருந்து எப்சிலன் எண்ட எவ்வளவு சின்னத் தூரத்துக்குள்ள நிக்கோணும் எண்டாலும், எக்ஸ 2ல இருந்து டெல்டா எண்ட ஒரு தூரத்துக்குள்ள வச்சா காணும் எண்டு காட்டோணும். ஏஎல்ல ஏ எடுத்து வந்தவங்களே இதில முழிக்கிறது எனக்குத் தெரியும், அவங்களுக்கு கணக்குத் தெரியாம இல்ல, டெல்டாவ எங்க இருந்து எடுக்கிற எண்டு ஒருத்தரும் காட்டித் தாறதில்ல. மேல சொன்ன கணக்கில டெல்டாவா 1ம் எப்சிலன் கீழ 5ம் ரெண்டில சின்னத எடு எண்டு ரியூட் (பயிற்சித் தாள்) விடையில முதல் வரியிலயே கிடக்கும். அந்த 5 வானத்தால விழுந்ததில்ல, எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4ஐ உடைச்சா எக்ஸ் கழித்தல் 2 தர எக்ஸ் கூட்டல் 2, எக்ஸ் 2ல இருந்து 1ஐ விடக் குறைஞ்ச தூரத்தில எண்டா எக்ஸ் கூட்டல் 2 எப்பவும் 5ஐ விடச் சின்னது, அவ்வளவுதான். ஆனா அதை முதல்ல பின்பக்கமா இருந்து யோசிக்கோணும், எழுதேக்க முன்பக்கமா எழுதோணும்.

இந்தக் கோர்ஸ்ல எனக்குப் பிடிச்சது இதுதான். மனுசன் ஸ்லைட் போட்டு ஓடுறதில்ல, போர்ட்ல வரி வரியா எழுதுறார், ஒரு வரைவிலக்கணம் எழுதினா அது பொய்யாகிறது எண்டா என்ன எண்டும் எழுதுறார். "எல்லா எப்சிலனுக்கும்" எண்டது "ஏதோ ஒரு எப்சிலனுக்கு" ஆகும், "ஒரு டெல்டா இருக்கு" எண்டது "எந்த டெல்டா எடுத்தாலும்" ஆகும். இது கைக்கு வந்தா பாதிப் பாடம் முடிஞ்சுது. தமிழ் மீடியத்தில படிச்சு வந்த எங்களுக்கு இன்னொரு லாபம், அவர்ட இங்கிலீஷ் காதில பிடிபடாட்டியும் போர்ட்ட பார்த்தே ஓடலாம்.

முதல் ஆறு லெக்சரையும் தாண்டி நேர சீக்குவென்ஸுக்குப் பாயுற ஆக்கள் இருக்காங்க, செட்டும் இன்டக்சனும் தெரியும்தானே எண்டு. பாயாதீங்க. வர்க்கம் 2ஐ விடக் குறைஞ்ச விகிதமுறு எண்களுக்கு விகிதமுறு எண்களுக்குள்ள மிகச்சிறிய மேல்வரம்பு கிடையாது, அதாவது ரூட் 2 இருக்கவேண்டிய இடத்தில ஒரு ஓட்டை எண்டது மூண்டாவது லெக்சர்ல வருது. பிறகு வாற போல்சானோ வயர்ஸ்ட்ராஸ், இடைமதிப்புத் தேற்றம் எல்லாம் அந்த ஓட்டை மெய்யெண்கள்ல இல்ல எண்டதிலதான் நிக்குது, இத விட்டுட்டுப் போனா பிறகு எல்லாம் பாடமாக்கிற வேலைதான்.

குறையும் இருக்கு. இன்டகிரேசன் பகுதி எனக்குத் திருப்தியில்ல. அவர் தொடர்ச்சியான சார்புகளுக்கு மட்டும்தான் ரீமன் இன்டகிரல் கட்டுறார், எங்கட பேப்பர்ல வாற அப்பர் சம், லோவர் சம் (வளையிக்கு மேலயும் கீழயும் செவ்வகம் வச்சுக் கூட்டுறது) கணக்குக்கு அது காணாது, அதுக்கு லெபல்ட புத்தகத்தில இன்டகிரல் அதிகாரத்தைப் பாருங்க, அங்க அந்த வழியாலதான் போகுது. மெட்ரிக் ஸ்பேஸ் (புள்ளிகளுக்கு இடையில தூரம் வரையறுத்த தொடை) தேடினாலும் இதில இல்ல, அது அங்க 18.100பி எண்ட வேற பாடத்தில வாறது.

பெரிய குறை எண்டா, நீங்க எழுதின நிறுவலை வீடியோ திருத்தாது. பார்க்கேக்க எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், பேனையை எடுத்தா முதல் வரி வராது. அதால சீனியர்ஸ் எடுக்கிற குப்பி கிளாஸ விடவேண்டாம். லெக்சர் பார்த்து, தேற்றத்தின்ட கூற்றை மட்டும் எழுதி நிப்பாட்டி, நிறுவலை நீங்களே எழுதிப்பார்த்து, அத குப்பிக்குக் கொண்டுபோய் சீனியர்ட்ட "எங்க பிழை" எண்டு கேளுங்க, சும்மா கையை வீசிக்கொண்டு போய் "எப்சிலன் விளங்கல அக்கா" எண்டு சொன்னா அவவும் என்னத்த செய்யிற.

அஞ்சுக்கு நாலு குடுப்பன், அந்த ஒண்டு இன்டகிரேசனுக்குக் குறைச்சது. சோதினைக்கு நேரம் இல்லாட்டி 25வது லெக்சர விடலாம், அது பவர் சீரிஸும் வயர்ஸ்ட்ராஸ் அப்ரொக்சிமேசனும், உங்கட சிலபஸ்ல இருக்கா எண்டு முதல் பார்த்துக்கொள்ளுங்க. 18வது லெக்சர மட்டும் சிலபஸ்ல இல்லாட்டியும் பாருங்க. எல்லா இடத்திலயும் தொடர்ச்சியா இருந்தும் ஒரு புள்ளியில கூட வகையிட ஏலாத சார்பு, வயர்ஸ்ட்ராஸ் 1872ல காட்டினது. ஏஎல்ல கீறின வளையி எல்லாம் எவ்வளவு நல்ல பிள்ளைகள் எண்டு அப்பதான் விளங்கும்.