பின் டிஃபரன்ஷியல் மீண்டும் மீண்டும் போகிறதா? முதல் தலைமுறை ஃப்ரீலேண்டருக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் 1997 முதல் 2006 வரை உருவான முதல் தலைமுறை லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர், பிரிட்டனின் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஒன்று. அதை வாங்கியவர்களின் பணத்தைப் பெரிதும் விழுங்கும் பழுதுகளில் பின் டிஃபரன்ஷியலுக்கு (இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு அவற்றுக்கு விசையைப் பகிரும் பல்சக்கரப் பெட்டிக்கு) முக்கிய இடம் உண்டு. அது ஒரு முறை போனால் வண்டியின் வயதைக் காரணமாகச் சொல்லிவிடலாம். மாற்றிப் போட்ட டிஃபரன்ஷியலும் சில மாதங்களில் இரைச்சலிடத் தொடங்கினால், கோளாறு அந்தப் பெட்டிக்குள் பிறக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த நிலைக்கு வந்துவிட்ட ஓர் உரிமையாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: டிஃபரன்ஷியலை மட்டும் மறுபடியும் மாற்றுவது, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திரவத்தின் வழியே இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் உட்பட முழு வரிசையையும் ஒரே நேரத்தில் சரிசெய்வது, பின்பக்கத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன்சக்கர இயக்கத்திலேயே ஓட்டுவது. இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம் என்பதால், பழுது எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்பது அவசியம்.

இந்த வண்டியில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸை ஒட்டி ஐ.ஆர்.டி. என்று அழைக்கப்படும் பெட்டி இருக்கிறது. முன் சக்கரங்களுக்கான டிஃபரன்ஷியலும் அதற்குள்ளேயே இருக்கிறது, பின்பக்கத்துக்கு விசையைத் திருப்பி அனுப்புவதும் அதுவே. அங்கிருந்து கிளம்பும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. அவற்றுக்கு இடையில் வி.சி.யு. எனப்படும் விஸ்கஸ் கப்ளிங், இரண்டு தாங்கு பேரிங்குகளால் வண்டியின் அடிப்பகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மூடி முத்திரையிட்ட இந்த உருளைக்குள் துளையிட்ட தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று உள் தண்டோடும் வெளிக்கூட்டோடும் சேர்ந்து சுழல்கின்றன. அவற்றின் இடைவெளியைச் சிலிக்கோன் திரவம் நிரப்புகிறது. முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும்போது தகடுகள் எளிதாக நழுவுகின்றன. முன் சக்கரம் சேற்றில் வழுக்கி வேக வேறுபாடு கூடியதும் திரவம் சூடேறி இறுகி, பின் சக்கரங்களுக்கு விசையைக் கடத்துகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த நழுவல் வண்டி ஓடும் நேரமெல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது. பின் சக்கரங்களை முன் சக்கரங்களைவிட 1 சதவீதத்துக்கும் குறைவான அளவு மெதுவாகச் சுழற்றும்படி கியர் விகிதங்கள் வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கின்றன; சாலையில் உருளும் பின் சக்கரங்களோ முன் சக்கரங்களின் வேகத்திலேயே சுழல்வதால், அந்த வேறுபாட்டைக் கப்ளிங் நழுவி ஈடுகட்ட வேண்டும். புதிய வி.சி.யு. இதை எளிதாக ஏற்றுக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவம் தடித்து, நழுவ வேண்டிய இடத்தில் இறுக்கம் வந்துவிடுகிறது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்வதால் கூடுதலாகச் சுழல்கின்றன. அந்த வேறுபாட்டை உள்வாங்க வேண்டிய கப்ளிங் இறுகிக் கிடந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முறுக்கேறி, அந்த முறுக்கு முழுவதும் ஒரு முனையில் ஐ.ஆர்.டி.யின் பற்களிலும் மறுமுனையில் பின் டிஃபரன்ஷியலின் பினியனிலும் (ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் சிறிய பல்சக்கரத்திலும்) போய் விழுகிறது. ஈரப் புல்வெளியிலோ சேற்றிலோ டயர் சற்றே சறுக்கி முறுக்கை விடுவித்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் அந்த விடுதலை இல்லை. ரவுண்டானாக்களும் குறுகிய கார் நிறுத்தங்களும் நிறைந்த ஊரில் ஓடும் வண்டியில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கிழிவதும், பினியன் பேரிங் தேய்ந்து இரைவதும், கடைசியில் டிஃபரன்ஷியல் உடைவதும் இப்படித்தான் நிகழ்கின்றன.

டயர்களின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எனவே கணக்கைச் சற்று விரிவாகவே வைக்கிறேன். இந்த வண்டியில் பரவலாக உள்ள 215/65 ஆர்16 அளவு டயரின் விட்டம் சுமார் 686 மி.மீ. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. என்றால், 3 மி.மீ. வரை தேய்ந்த டயரின் விட்டம் 10 மி.மீ. குறைந்திருக்கும், அதாவது ஏறக்குறைய 1.5 சதவீதம். பிரிட்டிஷ் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிப்பதால் 3 மி.மீ. டயர் சட்டப்படி முற்றிலும் சரியானது. ஆனால் முன்னால் இரண்டு புதிய டயர்களைப் போட்டுவிட்டுத் தேய்ந்தவற்றைப் பின்னால் விட்டால், சிறிய பின் சக்கரங்கள் வேகமாகச் சுழன்று, வடிவமைப்பிலேயே உள்ள வேறுபாட்டின் மேல் இந்த 1.5 சதவீதமும் ஏறி, மொத்தம் 2 சதவீதத்தைத் தாண்டுகிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 870 முறை சுழல்கிறது. நேர்சாலையில்கூட ஒவ்வொரு நிமிடமும், சக்கரத்தின் கணக்கில், 13 சுற்றுகள் கூடுதலாக வி.சி.யு. வழியே கரைய வேண்டியிருக்கிறது. இரண்டு டயர்களை மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவை பின்னால் போக வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுதான். அப்போது வேறுபாடு குறைகிறது. நான்கையும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தில் ஒன்றாக மாற்றுவதே எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் வி.சி.யு.வின் நிலையை அறிந்தாக வேண்டும். சமதளத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்துப் பின்னோக்கி நகர்த்திக் கிளட்சை மிதித்துவிடுங்கள். வண்டி தானாக உருளாமல், பிரேக் பிடித்ததுபோல் நின்றுவிட்டால் இறுக்கம் இருக்கிறது. இதைவிட நம்பகமான சோதனைக்கு ஒரு ஜாக்கி போதும். மற்றச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்க வேண்டும். அதன் ஹப் நட்டில் நீண்ட கம்பியைப் பொருத்தி, முனையில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, கம்பி 45 பாகை இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். சிலிக்கோன் திரவம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறக்கூடியது. ஆகவே வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதே கம்பி, அதே எடையோடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்துக் குறித்து வைப்பதே பயன்தரும். நேரம் கூடிக்கொண்டே போனால் கப்ளிங் இறுகுகிறது; கம்பி அசையவே இல்லை என்றால் இறுகி முடிந்துவிட்டது. பணிமனைகளில் பில் எழுதும் முன் இந்த அரைமணி நேர வேலையைச் செய்யும்படி வற்புறுத்துவது உரிமையாளரின் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

முதல் வழி: டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றுவது

முதல் பார்வையில் குறைந்த செலவு இதற்குத்தான். பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகங்களை விற்கும் உடைப்புக் கூடங்களில் இந்த வண்டியின் டிஃபரன்ஷியல் தாராளமாகக் கிடைக்கிறது. பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவது ஒரு நாள் வேலைக்குள் முடியும். பேரிங், சீல் மட்டும் மாற்றிப் பழைய பெட்டியையே மீண்டும் கட்டலாம் என்றாலும், பினியன் பேரிங்கின் முன்னிறுக்கத்தையும் பற்கள் பொருந்தும் இடைவெளியையும் அளவிட்டு அமைக்கத் தெரிந்த கை வேண்டும். அளக்காமல் இறுக்கிய பினியன் இரைந்தே தீரும். அந்த அனுபவமில்லாத பணிமனையில் கட்டுவதைவிட, எண்ணெயில் உலோகத் துகள் இல்லாத, கையால் சுழற்றும்போது சீராக ஓடும் ஒரு பழைய டிஃபரன்ஷியல் மேல்.

இந்த வழி சரியாக அமையும் சூழலும் உண்டு. பினியன் சீல் கசிந்து, எண்ணெய் தீர்ந்து பேரிங் கருகியிருந்தால், வி.சி.யு. சோதனையில் தேறியிருந்தால், நான்கு டயர்களும் ஒத்திருந்தால், டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றுவதே முறை. வேறு எந்தச் சூழலிலும் இதை என்னால் பரிந்துரைக்க முடியாது. இறுகிய கப்ளிங்குக்குப் பின்னால் எவ்வளவு நல்ல டிஃபரன்ஷியலை வைத்தாலும், முந்தையதைக் கொன்ற அதே முறுக்கு முதல் ரவுண்டானாவிலேயே இதன் மேலும் ஏறத் தொடங்குகிறது. இரண்டாவது முறை கட்டும் கூலியையும் சேர்த்தால், மலிவாகத் தெரிந்த இந்த வழிதான் மூன்றிலும் செலவு மிக்கது.

இரண்டாவது வழி: முழு வரிசையையும் ஒருசேரச் சரிசெய்வது

வி.சி.யு., அதன் இரண்டு தாங்கு பேரிங்குகள், கிழிந்த மவுண்டுகள், டிஃபரன்ஷியல், தேவையானால் நான்கு டயர்கள் என எல்லாவற்றையும் ஒரே முறையில் முடிப்பது இது. கையிலிருந்து ஒரே நேரத்தில் போகும் தொகை பெரியது; பல வண்டிகளின் சந்தை மதிப்பையே எட்டிவிடக்கூடும். ஆனால் பழுதின் வேரைத் தொட்டுவிட்டு நான்கு சக்கர இயக்கத்தையும் காப்பாற்றுவது இது ஒன்றே. தாங்கு பேரிங்குகளை விட்டுவைக்கக் கூடாது. தேய்ந்த தாங்கு பேரிங்கின் உறுமலை டிஃபரன்ஷியலின் இரைச்சல் என்று எண்ணி நல்ல டிஃபரன்ஷியலைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

இவ்வழியின் வெற்றி எந்த வி.சி.யு.வை வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. புதியது விலை மிகுந்தது, கவலை குறைந்தது. மறுசீரமைத்தது விலையில் கணிசமாகக் குறைவு. உள்ளே திரவம் மாற்றப்பட்டு, முறுக்கெதிர்ப்பு அளக்கப்பட்டு, உத்தரவாதத்தோடு வந்தால் புதியதற்கு நிகராகவே கொள்ளலாம். வெளியே கறுப்பு வண்ணம் பூசி விற்கப்படும் பழைய உருளைக்கும் இதற்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது. ஆகவே என்ன செய்து தந்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம். உடைப்புக் கூடத்து வி.சி.யு. எனக்கு ஏற்புடையதே இல்லை. கடைசி ஃப்ரீலேண்டர் 1 உருவானதே 2006இல். அங்கே கிடைக்கும் உருளை உங்களுடையதைப் போலவே வயதானது.

ஐ.ஆர்.டி.யையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிட வேண்டும். அதன் எண்ணெயை வடித்து, துகள் இருக்கிறதா, ஷாஃப்ட் பூட்டப்படும் பின்பக்கத் தட்டான ஃபிளாஞ்சில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதிக்காமல் புதிய பாகங்களைப் பூட்டினால், அதே முறுக்கால் அடிபட்ட மறுமுனை பிறகு தன் கணக்கைக் கேட்கும். அதுவும் போயிருந்தால் இவ்வழியின் செலவு நியாயமான எல்லையைக் கடந்துவிடுகிறது.

மூன்றாவது வழி: ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவது

பிரிட்டனில் பலர் அமைதியாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இரண்டு ஷாஃப்ட் துண்டுகளையும் வி.சி.யு.வையும் சேர்த்தே இறக்கிவிட்டால் வண்டி முன்சக்கர இயக்க வண்டியாக ஓடும். பின் துண்டை மட்டும் கழற்றி அரைகுறையாகச் செய்யக் கூடாது. முறுக்கு அடியோடு நீங்குகிறது, ஐ.ஆர்.டி.யின் சுமை குறைகிறது. டயர் பொருத்தத்தில் இருந்த கெடுபிடி தளர்கிறது. ஸ்டியரிங் இலகுவாகிவிட்டதை முதல் திருப்பத்திலேயே உணர முடிந்தால், வி.சி.யு. எவ்வளவு இறுகியிருந்தது என்பதற்கும் அதுவே சான்று. இந்தக் காரணத்தால் நிரந்தரத் தீர்வாக இல்லாவிட்டாலும், நோயறியும் முறையாக இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறைகளும் வெளிப்படையானவை. பின் சக்கரங்களோடு அச்சுத்தண்டுகள் இணைந்தே இருப்பதால், டிஃபரன்ஷியலின் கிரவுனும் (பினியனோடு பொருந்தும் பெரிய பல்சக்கரம்) பினியனும் சுமையின்றிச் சுழன்றுகொண்டுதான் இருக்கும். பேரிங் ஏற்கெனவே சிதைந்த டிஃபரன்ஷியல் ஷாஃப்ட் இல்லாமலும் இரையும், எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு நாள் இறுகிச் சக்கரத்தையே பூட்டிவிடலாம். ஆகவே இந்த வழியும் நல்ல டிஃபரன்ஷியலைக் கேட்கிறது. பலர் இதை அறியாமலே ஓட்டுகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். விபத்துக்குப் பின் வெளிப்பட்டால் இழப்பீடு சிக்கலாகும். பனிக்காலத்தில் செங்குத்தான சாலையில் குடியிருப்பவருக்கும், ஈர வயலிலிருந்து டிரெய்லரை இழுத்து வெளியே வருபவருக்கும் இந்த வண்டியை வாங்கிய காரணமே இல்லாமல் போகிறது. ஏ.பி.எஸ். உள்ள கார்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (வழுக்கும் சக்கரத்தைத் தானாகப் பிரேக் பிடித்து அடக்கும் அமைப்பு) முன் சக்கரங்களில் தொடர்ந்து வேலை செய்யும் என்பது ஓரளவு ஆறுதல்.

தடித்த கியர் எண்ணெய், இரைச்சலைக் குறைக்கும் சேர்மானங்கள் போன்றவற்றை ஒரு வழியாகவே கருத முடியாது. அவை சத்தத்தை மறைத்து, சிதைவு முற்றும் வரை உங்களைக் காத்திருக்க வைக்கும். 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃப்ரீலேண்டருக்கு மாறுவதும் தப்பிக்கும் வழியாகாது, அதில் வி.சி.யு.வுக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டு ஹால்டெக்ஸ் கப்ளிங் இருக்கிறது என்றாலும், அதன் ஆரம்பகால வண்டிகளில் பின் டிஃபரன்ஷியல் பேரிங் இரைச்சல் நன்கு அறியப்பட்ட கோளாறு.

ஷாஃப்டைக் கழற்றிச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, ஐ.ஆர்.டி. நலமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, நான்கு சக்கர இயக்கம் உண்மையில் தேவைப்படும் குடும்பம் இரண்டாவது வழியில் முழுமையாகச் செலவிட வேண்டும் என்பதே என் தீர்மானம். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு, ஒரு நல்ல பழைய டிஃபரன்ஷியலோடு மூன்றாவது வழியே போதும். கழற்றிய பாகங்களைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம். இப்போதுதான் இந்த வண்டியை வாங்கப் போகிறவர்கள், விலை பேசும் முன் குனிந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நான்கு டயர்களின் பள்ளத்தையும் அளந்துவிட வேண்டும். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததுமாக இருந்தால், விற்பவர் டிஃபரன்ஷியலை அண்மையில் மாற்றியதாகச் சொல்வதை ஒரு சிறப்பாக எடுத்துக்கொண்டு விலையைக் கூட்டிக் கொடுக்கக் கூடாது.